பொழுதும் ஒளியும்: சுப்ரத மித்ராவின் ஒளிப்பதிவு நெறிகள்

முன்னுரை

இலக்கியப் படைப்புகள் திரைப்படமாவதை ஆராயும் முயற்சிகள் தமிழ்த் துறைகளில் கடந்த சில பதின்ம ஆண்டுகளில் பெருகியுள்ளன. அவற்றுள் பெரும்பான்மையானவை ஒரே நெறியில் அமைகின்றன. மூலக்கதையில் உள்ளவை, படத்தில் விடப்பட்டவை, படத்தில் சேர்க்கப்பட்டவை என நிரல்கள் வகுக்கப்படுகின்றன, கதைமாந்தர் ஒப்பிடப்படுகின்றனர், முடிவு மாற்றப்பட்டிருப்பின் அதற்கான காரணம் ஆராயப்படுகிறது. இவ்வாய்வுகள் பயனற்றவை அல்ல. எனினும் இவற்றைப் படிப்பவர்க்கு ஓர் ஐயம் எழும். திரைப்படத்தைக் காணாமல், அதன் உரையாடல் எழுத்துப் படியை மட்டும் வைத்துக்கொண்டே இவ்வொப்பீடுகளை நிகழ்த்தியிருக்கலாமே என்பதே அது. திரைப்படத்தைத் திரைப்படமாக்கும் ஒளி இவ்வாய்வுகளில் இடம்பெறுவதில்லை. இடம்பெற்றாலும் 'ஒளிப்பதிவு சிறப்பாக அமைந்துள்ளது' என்னும் ஒற்றை வரியோடு நின்றுவிடுகிறது.

இக்குறையை நோக்க, ஒளிப்பதிவாளர் ஒருவரின் பணிமுறையைத் தனித்து ஆராய்வது தேவையாகிறது. அதற்கு ஏற்றவர் சுப்ரத மித்ரா (1930–2001). பிபூதிபூஷண் பந்தோபாத்யாயரின் நாவல்களிலிருந்து உருவான 'பதேர் பாஞ்சாலி' (1955), 'அபராஜிதோ' (1956), 'அபுர் சன்சார்' (1959) ஆகிய மூன்றும், தாகூரின் 'நஷ்டநீட்' என்னும் கதையிலிருந்து உருவான 'சாருலதா'வும் (1964), பணீசுவர்நாத் ரேணுவின் சிறுகதையிலிருந்து உருவான இந்திப் படமான 'தீஸ்ரி கசம்' (1966) என்பதும் அவர் ஒளிப்பதிவு செய்தவை. இலக்கியமும் திரைப்படமும் சந்திக்கும் இடத்தில் அவர் பணி நின்றது. சத்யஜித் ராயின் பத்துப் படங்களுக்கு ஒளிப்பதிவாளராக இருந்தவர் அவர்.

மித்ராவின் பணிமுறைகளைத் தொகுத்து, அவற்றின் அடியில் உள்ள நெறியைக் கண்டறிவதும், அந்நெறியின் எல்லைகளைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். தொல்காப்பியம் கூறும் முதற்பொருளுள் ஒன்றாகிய 'பொழுது' என்னும் கருத்து இங்குத் திறனாய்வுக் கருவியாகக் கொள்ளப்படுகிறது. வங்காளப் படங்களுக்குத் திணை வகுப்பது நோக்கமன்று. தமிழ்ப் பொருளிலக்கணம் மித்ராவைப் பாதித்தது என்பதும் கூற்றன்று. நிலமும் பொழுதும் இன்றி உணர்வுக்கு இருப்பில்லை எனக் கண்ட ஓர் இலக்கிய மரபில் பயின்றவர்க்கு, ஒளிப்பதிவைப் பேசுவதற்குரிய சொல் கையிலேயே உள்ளது என்பதே இதன் அடிப்படை.

குறிப்பேடும் பயிற்சியும்

மித்ரா முறையான ஒளிப்பதிவுக் கல்வி பெற்றவர் அல்லர். கல்லூரியில் அறிவியல் பயின்ற காலத்திலேயே கட்டடக் கலைஞராவது அல்லது ஒளிப்பதிவாளராவது என அவர் எண்ணியிருந்தார். ஒளிப்பதிவு உதவியாளர் பணி தேடியும் கிடைக்கவில்லை. அவ்வேளையில் பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார், 'தி ரிவர்' (1951) என்னும் வண்ணப் படத்தை எடுக்கக் கல்கத்தாப் பகுதிக்கு வந்திருந்தார். அவருடைய உறவினரான க்ளோத் ரெனுவார் அதன் ஒளிப்பதிவாளர். அப்படத்திலும் மித்ராவுக்கு வேலை கிடைக்கவில்லை. பார்வையாளராக இருக்க மட்டும் இசைவு கிடைத்தது.

வேலை இல்லாதவர்க்கு நேரம் உண்டு. அந்நேரத்தை மித்ரா பயன்படுத்திய விதம் கருதத்தக்கது. விளக்குகள் எங்கெங்கு வைக்கப்பட்டன, கருவி எங்கிருந்து எங்கு நகர்ந்தது, நடிகர் எவ்வழி நடந்தனர் என்பனவற்றை வரைபடங்களாகவும் குறிப்புகளாகவும் அவர் ஓர் ஏட்டில் பதிந்துவந்தார். முன்னர் எடுத்த காட்சியொன்றின் தொடர்ச்சியை மீண்டும் எடுக்க வேண்டியபோது, ஒளியமைப்பு மாறாதிருக்க க்ளோத் ரெனுவாரே அவ்விளைஞரின் ஏட்டைக் கேட்டுப் பார்த்தார் என்பது மித்ராவின் வாழ்வில் அடிக்கடி நினைவுகூரப்படும் செய்தி. அப்படப்பிடிப்புக் காலத்தில்தான், விளம்பர நிறுவனத்தில் பணியாற்றிக்கொண்டு விடுமுறை நாள்களில் அங்கு வந்துசென்ற சத்யஜித் ராயும், கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தாவும் அவருக்கு நெருக்கமாயினர்.

இச்செய்தியைச் சுவையான வாழ்க்கை நிகழ்ச்சியாக மட்டும் கொள்ளுதல் போதாது. ஒளியைப் பற்றி எழுதுவது கடினம். மேசையின் மீது விழும் ஒளியைக் கண் ஏற்றுக்கொள்கிறது. அது எத்திசையிலிருந்து வருகிறது, எவ்வளவு பரந்தது, எங்கு முடிகிறது என்று கண் தானாக வினவுவதில்லை. வரைந்து பார்ப்பவர்தான் அவ்வினாக்களை எழுப்பியாக வேண்டும். நிழல் வலப்பக்கம் விழுந்தால் விளக்கு இடப்பக்கம் இருந்தாக வேண்டும் என்பது படம் வரையும்போது தவிர்க்கவியலாத முடிவு. மித்ராவின் குறிப்பேடு நினைவுக்கு உதவிய கருவி என்பதினும், பார்வையைக் கேள்வியாக மாற்றிய கருவி எனல் பொருந்தும். விளைவிலிருந்து காரணத்துக்குச் செல்லும் அப்பழக்கமே பின்னாளில் அவர் முறைகளின் வேராயிற்று.

பதேர் பாஞ்சாலி: இருக்கும் ஒளியை அறிதல்

1952 அக்டோபரில் 'பதேர் பாஞ்சாலி'யின் படப்பிடிப்புத் தொடங்கியபோது மித்ராவுக்கு வயது இருபத்திரண்டு. அதற்குமுன் அவர் திரைப்படக் கருவியை இயக்கியதில்லை. ராயும் அதற்குமுன் படம் இயக்கியதில்லை. பணமின்றிப் பலமுறை நின்று, மேற்கு வங்க அரசின் உதவியால் நிறைவுற்று, 1955இல் படம் வெளிவந்தது.

அக்காலப் படத் தொழிலில் நிலவிய நம்பிக்கைகள் இவ்விருவர்க்கும் எதிராக இருந்தன. திறந்தவெளியில், கிடைக்கும் ஒளியில், மழையிலும் மேகமூட்டத்திலும் படமெடுக்க இயலாது என்பது தொழில் அறிந்தோர் கூற்று. வெயில் நன்கு அடிக்க வேண்டும். நிழல் விழும் முகங்களை எதிரொளிப்பான் கொண்டு நிரப்ப வேண்டும் என்பது வழக்கம். கல்கத்தாவை அடுத்த போரால் சிற்றூரில் எடுக்கப்பட்ட வெளிப்புறக் காட்சிகள் இவ்வழக்கத்தை மீறின. முதல் மழையில் துர்கா நனையும் காட்சியும், நாணல் பூத்த வெளியில் தமக்கையும் தம்பியும் புகைவண்டியைக் காணும் காட்சியும் ஒளியால் ஒன்றுக்கொன்று வேறுபட்டவை. முன்னதில் வானம் முழுதும் மூடிய சாம்பல் ஒளி, நிழல் இல்லை, நீர்ப்பரப்பும் இலையும் மட்டுமே மின்னுகின்றன. பின்னதில் வானத்தின் வெண்மையும் பூவின் வெண்மையும் ஒன்றி, கரிய புகை ஒரு கோடாக அவ்வெண்மையைப் பிளக்கிறது. கதை இரண்டையும் கூறிவிடலாம். ஆனால் கார்ப்பருவத்தையும் கூதிர்ப்பருவத்தையும் காண்போர் உணர்வது இவ்வொளி வேறுபாட்டால்தான். பெரும்பொழுது இங்குச் சொல்லால் அறிவிக்கப்படவில்லை, தோற்றத்தால் உணர்த்தப்படுகிறது.

ஆயினும் இப்படத்தில் மித்ராவின் முறை முழுமை பெற்றுவிட்டது எனக் கூறவியலாது. வீட்டின் இரவுக் காட்சிகள் படப்பிடிப்புத் தளத்தில் எடுக்கப்பட்டவை. வெளிப்புறக் காட்சிகளின் பகல் ஒளிக்கும் தளத்தின் விளக்கொளிக்கும் இடையே உள்ள தரவேறுபாடு அவருக்கு முன் நின்ற சிக்கலாயிற்று. இரவாயின் விளக்கின் ஒளி என்று அமையலாம். பகலைத் தளத்துக்குள் எவ்வாறு கொண்டுவருவது?

அபராஜிதோ: துணியால் ஆன வானம்

அவ்வினாவுக்கு விடை அடுத்த படத்தில் கிடைத்தது. 'அபராஜிதோ'வில் அரிஹரன் குடும்பம் காசியில் தங்கும் வீடு நடுமுற்றம் கொண்டது. முற்றத்தைச் சுற்றி அறைகளும் தாழ்வாரமும் அமைந்திருக்கும். மழைக்காலம் குறித்த அச்சத்தால் அவ்வீட்டைத் திறந்தவெளியில் அமைக்காது கல்கத்தாவில் படப்பிடிப்புத் தளத்துக்குள் அமைக்க வேண்டியதாயிற்று. பன்சி சந்திரகுப்தா அரங்கை அமைத்தார்.

காசி வீடுகளின் முற்றம் ஆழமானது. சூரியன் நேர்மேலே நிற்கும் சிறிது நேரம் தவிர, நாளின் பெரும்பகுதியில் வெயில் அதன் தரையைத் தொடுவதில்லை. அங்கு விழுவது வானத்தின் ஒளி. அது ஒரு புள்ளியிலிருந்து வருவதன்று. மேலே தெரியும் வானப்பரப்பு முழுவதிலிருந்தும் வருவது. ஆகவே அதற்குக் கூர்மையான நிழல் இல்லை. அன்றைய தள வழக்கப்படி மேலே பரண்களில் பல விளக்குகளை வைத்து நேரே ஒளிபாய்ச்சினால், விளக்குக்கு ஒன்றாகப் பல நிழல்கள் தரையிலும் சுவரிலும் விழும். ஒருவருக்கு மூன்று நிழல் விழும் வீடு உலகில் எங்கும் இல்லை. அரங்கு எவ்வளவு நுட்பமாகக் கட்டப்பட்டிருப்பினும், அந்நிழல்கள் அதைப் பொய்யாக்கிவிடும்.

மித்ரா முற்றத்தின் மேலே வெள்ளைத் துணியை விரித்துக் கட்டினார். விளக்குகளைக் கீழே வைத்து அத்துணியை நோக்கித் திருப்பினார். துணியில் பட்டுத் தெறித்த ஒளி பரந்து முற்றத்தில் இறங்கியது. வானத்திலிருந்து முற்றத்துக்கு ஒளி இறங்கும் வழியிலேயே, துணியாலான வானத்திலிருந்து அது இறங்கிற்று. ஒளிப்பதிவாளர் வழக்கில் 'பவுன்ஸ் லைட்டிங்' எனப்படும் இத்தெறிப்பொளி முறையின் இயற்பியல் எளியது. ஒளிமூலம் பொருளை நோக்கச் சிறிதாயின் நிழல் கூர்மையாகும். பெரிதாயின் நிழல் கரையும். ஆனால் அதற்கான விலை உண்டு. விளக்கின் ஒளியில் பெரும்பகுதி துணியிலேயே இழக்கப்படும். அக்காலப் படச்சுருள்கள் மிகுந்த ஒளி வேண்டுபவை. எனவே விளக்குகள் மிகுதியாக வேண்டும். வில்லையின் திறப்பை அகலமாக்க வேண்டும். அகலமாக்கினால் குவியத்தின் ஆழம் குறையும். நடிகர் சிறிது முன்பின் நகர்ந்தாலும் உருவம் மங்கும். இவ்விடர்கள் அனைத்தையும் அறிந்தே அம்முறை தேர்ந்துகொள்ளப்பட்டது.

பின்னாளில் இங்மார் பெர்க்மனின் ஒளிப்பதிவாளரான ஸ்வென் நைக்விஸ்டின் பணியோடு, குறிப்பாக 'த்ரூ எ கிளாஸ் டார்க்லி' (1961) படத்தோடு, இம்முறையின் தோற்றம் இணைத்துப் பேசப்பட்டபோது, தாங்கள் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே அதைக் கையாண்டதை ராய் நேர்காணலில் சுட்டினார். முதன்மை குறித்த இவ்வழக்கு வரலாற்று நோக்கில் தேவையானதே. இந்தியக் கலைஞர் ஒருவரின் கண்டுபிடிப்பு உரிய இடம் பெறவேண்டும். எனினும் திறனாய்வுக்கு அதனினும் முதன்மையானது, அக்கண்டுபிடிப்பு எவ்வாறு பிறந்தது என்பதாகும். புதிய பாணி ஒன்றை உருவாக்கும் வேட்கையில் அது பிறக்கவில்லை. இவ்வீட்டில் இப்பொழுதில் ஒளி எங்கிருந்து வரும் என்னும் வினாவிலிருந்து பிறந்தது. குறிப்பேட்டில் பழகிய வினாவே அது.

பொழுது என்னும் நெறி

மித்ராவின் படங்களைத் தொடர்ந்து நோக்கினால் ஒரு நெறி புலப்படுகிறது. சட்டகத்தில் உள்ள ஒளிக்குக் கதையுலகத்துக்குள்ளேயே ஒரு காரணம் இருத்தல் வேண்டும். அக்காரணம் பொழுதோடு பொருந்துதல் வேண்டும் என்பதே அந்நெறி.

'ஜல்சாகர்' (1958) இதற்கு நல்ல சான்று. வீழ்ந்துவரும் ஜமீன்தார் விசுவம்பர் ராய் தம் எஞ்சிய செல்வத்தையெல்லாம் செலவிட்டு இசைக்கூடத்தில் இறுதிக் கச்சேரியை நிகழ்த்துகிறார். கச்சேரி முடிந்தபின் மது மயக்கத்தில் தனித்து நிற்கும் அவர், விளக்குகள் ஒவ்வொன்றாக அணைவதைக் கண்டு அஞ்சுகிறார். தம் குடியின் அழிவாக அதனை உணர்கிறார். பணியாளர் வந்து, விடிந்துவிட்டது என்று கூறித் திரையை விலக்க, பகலொளி கூடத்தில் புகுகிறது. ஒரே நிகழ்ச்சி இங்கு இருவகையாகப் பொருள்படுகிறது. ஜமீன்தாருக்கு அது இருள்; பணியாளருக்கு அது விடியல். மெழுகுத்திரி எரிந்து தீர்வதும் பொழுது புலர்வதும் இயல்பானவை. இயல்பான அக்காரணம் காட்சியில் ஐயமின்றி நிறுவப்பட்டிருப்பதால்தான், அவருடைய அச்சம் மனத்தின் அச்சமாகத் தனித்துத் தெரிகிறது. விளக்குகள் காரணமின்றி அணைந்திருப்பின் அது வெறும் அமானுட உத்தியாகியிருக்கும்.

'அபராஜிதோ'வில் சர்வஜயாவின் இறுதி மாலை மற்றொரு சான்று. மகனை எதிர்நோக்கி மரத்தடியில் அமர்ந்திருக்கும் அவளைச் சுற்றி எற்பாடு கழிந்து மாலை வருகிறது, மாலை யாமமாகிறது, குளத்தருகே மின்மினிகள் ஒளிர்கின்றன. உண்மை மின்மினியின் ஒளி படச்சுருளில் பதியுமளவு வலியதன்று. கரிய உடை அணிந்த பணியாளர்கள் சிறு மின்குமிழ்களை ஏந்தி, ஏற்றியும் அணைத்தும் அக்காட்சியை உருவாக்கியதை ராய் பதிவுசெய்துள்ளார். மித்ராவின் நெறி 'செயற்கை கூடாது' என்பதன்று என்பதை இது தெளிவாக்குகிறது. துணி வானமும் செயற்கை. மின்குமிழ் மின்மினியும் செயற்கை. செயற்கையானது பொழுதுக்குக் கட்டுப்பட்டிருக்கிறதா என்பதே வினா.

தமிழ் மரபில் மாலை, பிரிந்தோர் வருந்தும் பொழுது. தாயின் காத்திருப்பை மாலையில் நிகழ்த்திய ராயின் திரைக்கதையும், அம்மாலையைப் படிப்படியாக இருளச் செய்த மித்ராவின் ஒளியும் சேர்ந்து செய்யும் வேலை, முதற்பொருள் உரிப்பொருளுக்கு இடமளிக்கும் வேலையே ஆகும்.

'காஞ்சன்ஜங்கா' (1962) இந்நெறியைக் கதையமைப்பின் நிலைக்கே உயர்த்தியது. ராயின் முதல் வண்ணப் படமும், அவரே எழுதிய முதல் மூலத் திரைக்கதையும் இதுவாகும். டார்ஜிலிங்கில் ஒரு பிற்பகலில், படம் ஓடும் நேரத்துக்கு ஏறத்தாழ ஒத்த கால அளவில் கதை நிகழ்கிறது. வெயில், மேகம், பனிமூட்டம், மீண்டும் வெயில் என ஒளி மாறிச்செல்ல, குடும்பத்தினரின் உறவுகளும் இறுகித் தளர்கின்றன. மலைநகரின் வானிலை எவர் சொல்லுக்கும் கட்டுப்படாதது. ஆகவே வெயிலுக்குரிய காட்சிகள், பனிக்குரிய காட்சிகள் என முன்னரே வகுத்துக்கொண்டு, எவ்வானிலை வாய்க்கிறதோ அதற்குரிய காட்சியை எடுக்கும் முறை கையாளப்பட்டது. அன்றாடக் கால அட்டவணையை வானம் எழுதியது எனலாம். ஒளிப்பதிவாளர் ஒளியை உண்டாக்குபவர் மட்டுமல்லர். ஒளிக்குக் காத்திருக்கத் தெரிந்தவர் என்னும் பாடம் இப்படத்தில் உள்ளது.

நெறியின் எல்லைகள்

இந்நெறியின்மேல் இரண்டு தடைகள் எழுப்பப்படலாம். ஒளிக்குக் கதையுலகக் காரணம் வேண்டும் என்பது வெறும் நடப்பியல் விதியன்றோ. அவ்விதி கலைஞரின் கற்பனையைக் கட்டுப்படுத்தாதோ என்பது முதல் தடை.

'தேவி' (1960) இதற்கு விடையாகும். மருமகள் தயாமயியைக் காளியின் வடிவமாகக் கனவில் கண்ட மாமனாரின் நம்பிக்கையால் அவள் வாழ்வு சிதைகிறது. தேவியின் கண்கள் இருளில் தோன்றித் தயாமயியின் முகத்தோடு ஒன்றும் கனவுக் காட்சியில் ஒளிக்கு உலகியற் காரணம் ஏதுமில்லை. இறுதியில் அறிவு திரிந்து வெளியில் ஓடும் அவளைச் சூழும் வெண்மையும் அன்றாடப் பகலின் அளவைக் கடந்தது. நிலம் மயங்குதல் இல்லை என்னும் தொல்காப்பியர் கூற்றிலிருந்து, பொழுது மயங்கும் என உரையாசிரியர் கொள்வர். அவ்வுரிமை இங்குப் பயன்படுகிறது. ஆனால் படம் முழுவதும் வீட்டின் ஒளி நெறிப்பட நிறுவப்பட்டிருப்பதாலேயே, அது மீறப்படும் இடம் மீறலாக உணரப்படுகிறது. முதலினும் கருவும், கருவினும் உரியும் சிறந்தன என்னும் இலக்கணக் கருத்தும் இங்குப் பொருந்துகிறது. பொழுது உரிப்பொருளுக்காகவே உள்ளது. பொழுதுக்காக உரிப்பொருள் இல்லை.

தெறிப்பொளி காலப்போக்கில் ஒரு வாய்பாடாகிவிட்டதே என்பது இரண்டாவது தடை. இது வலியதே. எல்லா அறைகளிலும் எல்லா நேரத்திலும் நிழலற்ற மென்மையான ஒளியைப் பரப்புவது எளிதாகிவிட்ட இன்றைய சூழலில், அம்மென்மையே புதிய பொய்யாகிவிடுகிறது. ஒற்றை மண்ணெண்ணெய் விளக்கு எரியும் அறையில் நிழல் கூர்மையாகவும் பெரிதாகவும் விழும். அங்குத் தெறிப்பொளியைப் பரப்புபவர் மித்ராவின் கருவியைப் பின்பற்றுகிறார், மித்ராவைப் பின்பற்றவில்லை. அவர் விட்டுச்சென்றது விடையன்று, வினா. மகாநகரத்தின் நெருக்கமான நடுத்தர வீட்டையும் (மகாநகர், 1963), சாருலதா தனித்துலவும் பத்தொன்பதாம் நூற்றாண்டு மாளிகையையும், தளத்தில் அமைக்கப்பட்ட புகைவண்டிப் பெட்டியையும் (நாயக், 1966) அவர் ஒரே ஒளியில் காட்டவில்லை. 'தீஸ்ரி கசம்' படத்தில் கூண்டு வண்டியின் உள்நிழலும் வெளியே விரியும் பாதையின் வெளிச்சமும் எதிரெதிர் நிற்க, ஹீராமன் முன்னேயும் ஹீராபாய் உள்ளேயும் அமர்ந்து பேசும் தொலைவு அவ்வொளி வேறுபாட்டாலேயே அளக்கப்படுகிறது.

கூட்டுப்படைப்பும் உரிமையும்

'பதேர் பாஞ்சாலி' முதலாக இப்படங்கள் ராயின் படங்கள் என்றே வழங்கப்படுகின்றன. அது தவறன்று. ஆயினும் முற்றத்தின் ஒளியைப் பேசும்போது, முற்றத்தைக் கட்டிய பன்சி சந்திரகுப்தாவையும், அதன்மேல் வானத்தைக் கட்டிய மித்ராவையும் நீக்கிவிட்டுப் பேசவியலாது. அரங்கின் சுவர் ஒளியை வாங்கும் விதம் அதன் பூச்சைப் பொறுத்தது. சாளரத்தின் உயரம் ஒளியின் கோணத்தை வரையறுக்கிறது. கட்டடக் கலைஞராகவும் எண்ணியிருந்த ஒளிப்பதிவாளர்க்கு இது அயலானதன்று. மித்ரா சிதார் வாசிப்பவர் என்பதும், 'பதேர் பாஞ்சாலி'யின் இசையில் அவர் வாசிப்பும் இடம்பெற்றது என்பதும் இக்கூட்டுறவின் நெருக்கத்தைக் காட்டும்.

இக்கூட்டுறவு நெடிது நீடிக்கவில்லை. இடையில் மித்ராவுக்கு ஏற்பட்ட கண்நோயால் 'தீன் கன்யா' (1961) முதலிய படங்களை அவருடைய உதவியாளராக இருந்த சௌமேந்து ராய் ஒளிப்பதிவு செய்தார். 'சாருலதா' முதல் ராய் தாமே கருவியை இயக்கத் தொடங்கினார். நடிப்பின் நுண்மையைக் கருவியின் வழியே நேரில் காண வேண்டும் என்பது இயக்குநர் தரப்பு நியாயம். ஒளியை அமைப்பவர் வேறு, சட்டகத்தைக் காண்பவர் வேறு என்றானால் ஒளிப்பதிவாளரின் பணி பாதியாகப் பிளக்கப்படுகிறது என்பது மறுதரப்பு நியாயம். 'நாயக்' படத்துக்குப் பின் இருவரும் சேர்ந்து பணியாற்றவில்லை. இதில் எவர் பக்கம் நியாயம் எனத் தீர்ப்பளிப்பது திறனாய்வின் வேலையன்று. ஒரு சட்டகத்தின் ஆசிரியர் யார் என்னும் வினா, திரைப்படக் கலையில் விடை காணப்படாமலேயே நிற்பது என்பதை இப்பிரிவு உணர்த்துகிறது.

மற்றொன்றும் கருதத்தக்கது. மித்ரா எளிதில் நிறைவுறாதவர். ஒளி அமையும்வரை நேரம் கேட்பவர் என்னும் பெயர் அவருக்கு இருந்தது. படத் தொழிலில் நேரம் என்பது பணம். ராயைத் தவிர, ஜேம்ஸ் ஐவரி – இஸ்மாயில் மெர்ச்சண்ட் கூட்டணியின் 'தி ஹவுஸ்ஹோல்டர்' (1963), 'ஷேக்ஸ்பியர் வாலா' (1965), 'தி குரு' (1969), 'பாம்பே டாக்கி' (1970) ஆகிய படங்களுக்கு அவர் பணியாற்றினார். அதன்பின் முழுநீளக் கதைப்படங்களில் அவர் பெயர் அரிதாகவே காணப்படுகிறது. 'நியூ டெல்லி டைம்ஸ்' (1986) அவருக்குச் சிறந்த ஒளிப்பதிவுக்கான தேசிய விருதைப் பெற்றுத் தந்தது. முதல் படத்துக்கும் இவ்விருதுக்கும் இடையே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள். இந்நெடுங்காலத்தில் அவர் எடுத்த படங்களின் எண்ணிக்கை குறைவு. விட்டுக்கொடாமை ஒரு கலைஞரின் பெருமை எனப் பேசுவது எளிது. அதன் விலையை எடுக்கப்படாத படங்களில்தான் காணவேண்டும். அவ்விலையைக் கலைஞர் மட்டும் கொடுப்பதில்லை; கலையும் கொடுக்கிறது.

இறுதி ஆண்டுகளில் கொல்கத்தாவின் சத்யஜித் ராய் திரைப்படத் தொலைக்காட்சி நிறுவனத்தில் அவர் தகைசால் பேராசிரியராக இருந்தார். நிறுவனத்தில் பயிலாதவர், வேலையும் கிடைக்காது நின்று பார்த்துக் கற்றவர், இயக்குநரின் பெயரைத் தாங்கிய நிறுவனத்தில் ஆசிரியரானார். இயக்குநரோடு பிரிந்த பின்னும் அக்கூட்டுறவின் அறிவு மாணவர்க்குச் சென்று சேர்ந்தது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன வருமாறு:

மித்ராவின் பணிமுறைக்கு அடிப்படை, விளைவைக் கண்டு காரணத்தை வினவும் பழக்கமாகும். அது குறிப்பேட்டில் தொடங்கித் துணி வானத்தில் பயன் தந்தது.

தெறிப்பொளி முறை அவருக்குப் பாணியன்று. குறிப்பிட்ட வீட்டின் குறிப்பிட்ட பொழுதை மெய்ப்படுத்தக் கண்ட வழி. வேறு பொழுதுக்கு வேறு வழி வேண்டும் என்பதும் அதனுள் அடங்கும்.

இயற்கை, செயற்கை என்னும் பாகுபாடு அவர் நெறியை விளக்கப் போதாது. பொழுதுக்குப் பொருந்துவது, பொருந்தாதது என்னும் பாகுபாடே ஏற்றது. பொழுது மயங்கும் இடங்கள் உரிப்பொருளின் தேவையால் மயங்குகின்றன.

அரங்கு, ஒளி, சட்டகம் ஆகியவற்றின் ஆசிரியத்தன்மை பலரிடையே பகிரப்படுவது. ஒருவர் பெயரால் வழங்குவது வசதியேயன்றி முழு உண்மையன்று.

இலக்கியமும் திரைப்படமும் குறித்த ஒப்பாய்வுகளுக்கு இதனால் ஒரு கடமை உண்டாகிறது. நாவலில் 'மாலை வந்தது' என்று ஒரு தொடர் இருப்பின், படத்தில் அம்மாலையை யார், எவ்வாறு, எதனைக் கொண்டு வரவழைத்தார் என்பதும் ஒப்பிடப்பட வேண்டும். நாவலாசிரியர் ஒரு சொல்லில் முடித்ததை ஒளிப்பதிவாளர் ஒரு நாள் முழுதும் உழைத்து முடித்திருக்கக்கூடும். முதற்பொருளை முதலில் வைத்து எண்ணிய இலக்கண மரபைக் கற்பிக்கும் துறைகள், திரையில் அதனைக் காணாது கடந்துசெல்லுதல் பொருந்தாது.